வீழ்ந்த மரமும் நாதம் தரும்

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு பெருங்காற்று வீசியது. வார இறுதியில் தமிழ் வகுப்புகள் நடத்துவதற்கு நாம் வாடகைக்குப் பெற்றிருக்கும் பாடசாலையின் பின்வளவில் நின்ற மரமொன்று அன்று வேரோடு சாய்ந்தது. இந்நாட்டவர் ‘பிளாக்வுட்’ என்று அழைக்கும் மரம் அது. திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள். இயந்திர வாள் ஒலித்தது. கிளைகளையெல்லாம் அரைத்துத் தூளாக்கிப் பூம்பாத்திகளில் கொட்டினார்கள். அடிமரத்தையும் அவ்வாறே செய்யவிருந்த வேளையில், பேரப்பிள்ளையைப் பாடசாலையில் விட வந்த முதியவர் ஒருவர் சைகையால் அவர்களை நிறுத்தி, இரண்டு துண்டுகளைத் தமக்கெனக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரில் நாற்பது ஆண்டுகள் தச்சுத்தொழில் செய்தவர் அவர்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் துண்டுகளை எம்மிடம் காட்டுவதற்காக அவர் மகனுடைய வாகனத்தில் ஏற்றி வந்தார். இடைவேளையில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். அவர் மரத்திற் காதை வைத்து விரல் முட்டியால் தட்டினார். “ஏன் தாத்தா தட்டுறீங்கள்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். “மரம் கதைக்குதோ எண்டு பாக்கிறன் பிள்ளை” என்றார் அவர். வகுப்பில் ஒரு சொல்லுக்கும் வாய் திறவாத பையன் ஒருவன், “நானும் தட்டலாமோ?” என்று தமிழிற் கேட்டான். அன்று இடைவேளை முடிந்து மணி அடித்த பின்னரும் ஒருவரும் வகுப்பிற்குத் திரும்பவில்லை.

அந்த இரண்டு மரத்துண்டுகளும் இப்பொழுது பெற்றோர் ஒருவருடைய வாகனக் கொட்டகையில் உலர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக்கொண்டு என்ன செய்வது என்ற வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். வீழ்ந்த மரத்திலிருந்து சிறிய நரம்புக் கருவிகளைச் செய்யும் வேலையை எமது பள்ளி ஒரு பாடமாகவே தொடங்க வேண்டும். அதைச் செய்பவர்கள் பிள்ளைகளாகவும் வழிநடத்துபவர்கள் எமது முதியோராகவும் பேசும் மொழி தமிழாகவும் இருத்தல் வேண்டும்.

சிறு கருவிக்குச் சிறு மரம் போதும்

மரமொன்று வீழ்ந்தால் பெரும்பாலும் இரண்டே கதிதான். ஒன்று விறகு, மற்றது தூள். மர ஆலைக்கு நீண்ட, நேரான, பருத்த மரமே வேண்டும். கோணலும் கணுவும் வெடிப்பும் உடைய மரத்தை அது ஏற்பதில்லை. ஆனால் சிறிய இசைக்கருவியின் தேவை வேறு. நான்கு நரம்புகள் கொண்ட ‘உக்குலேலே’ என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் மிகச் சிறிய வகையின் முழு நீளமே ஏறத்தாழ 53 சென்ரிமீற்றர்தான். அதன் முகப்பலகை இரண்டு பாதிகளாக ஒட்டப்படுகின்றது. ஒவ்வொரு பாதிக்கும் 9 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள பலகை போதும். தடிப்போ 2 மில்லிமீற்றர் அளவே. முழுக் கருவியின் எடை அரைக் கிலோவை எட்டாது. எனவே ஆலை கழித்த ஒரு முழ நீளத் துண்டிலிருந்து பல கருவிகளுக்கு வேண்டிய பலகைகளைப் பெறலாம்.

பெரிய மேசைக்கு உதவாத மரம் சிறிய கருவிக்கு உதவும் என்பது தச்சர்கள் நன்கு அறிந்த உண்மை. கோணல் மரத்திலும் இரண்டு கணுக்களுக்கு இடையே நேரான ஓர் அடி நீளம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும், அவ்வளவே.

அலைகடல் தாண்டி வந்த ஒரு கருவி

உக்குலேலே என்றவுடன் ஹவாய்த் தீவுகளே நினைவுக்கு வரும். ஆனால் அது அங்கே முளைத்ததன்று. 1879ஆம் ஆண்டு ஆவணி மாதம் 23ஆம் திகதி ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள மதேரா என்ற போர்த்துக்கேயத் தீவிலிருந்து 400க்கு மேற்பட்டோர் அதில் வந்திருந்தனர். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தவர்கள் அவர்கள். அவர்களுள் மூவர் மரவேலை தெரிந்தவர்கள்: மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ. தோட்ட ஒப்பந்தம் முடிந்த பின்னர் அவர்கள் ஹொனலூலுவிற் கடை திறந்து, தம் ஊரில் வழங்கிய ‘மஷெத்தே’ என்ற சிறிய நரம்புக் கருவியைச் செய்யத் தொடங்கினர்.

மதேராவின் மரம் அங்கே கிடைக்கவில்லை. ஆதலால் ஹவாயில் மட்டும் இயற்கையாக வளரும் ‘கோவா’ என்ற மரத்தை அவர்கள் கையிலெடுத்தார்கள். சுருதி கூட்டும் முறையும் சிறிது மாறியது. அரசர் கலாகாவா அக்கருவியை விரும்பி அரண்மனை விழாக்களில் இடமளித்தார். சில பத்தாண்டுகளுக்குள் அது ஹவாய் மக்களின் சொந்தக் கருவியாகிவிட்டது. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் பின்னர் அமெரிக்கா எங்கும் பரவியது. 1916இல் சாமுவேல் கமாகா தொடங்கிய பட்டறையை அவருடைய குடும்பத்தினர் இன்றும் நடத்தி வருகின்றனர்.

இவ்வரலாற்றை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கருவியின் வடிவம் கடல் கடந்து வந்தது, மரம் வந்து சேர்ந்த மண்ணிற் கிடைத்தது. இரண்டும் கூடியபோது பிறந்த நாதம் இரண்டு மண்ணுக்கும் உரியதாயிற்று. மதேராவின் மரத்தினால் மட்டுமே செய்வோம் என்று அம்மூவரும் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்தக் கருவி அவர்களோடு மாண்டிருக்கும். வடிவமே வேண்டாம் என்று எறிந்திருந்தாலும் அதே முடிவுதான். புலம்பெயர்ந்த நாம் எமது பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது, எதை இம்மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வது என்று ஒவ்வொரு நாளும் தடுமாறுகின்றோம். அம்மூன்று தச்சர்களும் இவ்வினாவுக்குத் தம் கைகளாலேயே ஒரு விடை கூறியுள்ளார்கள்.

கோவா மரத்தின் பிற்காலக் கதையும் கவனிக்கத்தக்கது. கால்நடைகளுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டமையால் அம்மரம் அருகியது. இன்று அங்குள்ள கருவித் தச்சர் பலர் பட்டுப்போன, வீழ்ந்த கோவா மரங்களையே தேடிச் செல்கின்றனர். அதே வேளையில் புதிய கன்றுகளும் நடப்படுகின்றன.

இடையனின் வில்யாழ்

இது யாருடைய மரபோ, எமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் பத்துப்பாட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காட்டில் ஆடு மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் வருகின்றான். குமிழ மரத்தின் உட்டுளை பொருந்திய கொம்பை வளைத்து, மரல் நாரினால் முறுக்கிய நரம்பைக் கட்டி, அவன் தானே ஒரு வில்யாழ் செய்துகொள்கின்றான். அவன் மீட்டும் குறிஞ்சிப் பண்ணைத் தம் இனத்தின் ஒலியென மயங்கி வண்டுகள் செவிமடுப்பதாகப் புலவர் கூறுகின்றார்.

அந்த இடையன் கடைக்குப் போகவில்லை. பெருமரம் எதையும் வெட்டவுமில்லை. கொம்பின் உட்டுளை விறகுக்குக் குறை, யாழுக்கு நிறை. காட்டில் எளிதாகக் கிடைத்த மரத்தைக்கொண்டு சிறிய நரம்புக் கருவி செய்வது இன்றைய மேனாட்டாரின் புதுமை என்று யாரேனும் கூறினால், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எமது இடையன் அதைச் செய்துவிட்டான் என்று பிள்ளைகள் விடையிறுக்கலாம்.

சிறிய கருவி என்பதும் எமக்குத் தாழ்வானதன்று. பேரியாழை இசைத்தவர் பெரும்பாணர், சீறியாழை இசைத்தவர் சிறுபாணர். சீறியாழ்ப் பாணருக்கென்றே சிறுபாணாற்றுப்படை எழுந்தது. யாழின் உறுப்புகளுக்கு எத்தனை அழகிய பெயர்கள் இருந்தன! பத்தர், கோடு, போர்வை, திவவு, நரம்பு என்று அவை விரியும். அக்கருவி வழக்கொழிந்தபோது அச்சொற்களும் நூல்களுக்குள் அடங்கிப்போயின. அவற்றை மீட்டெடுப்பதற்குச் சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகள் உழைத்து, 1947இல் யாழ்நூலை வெளியிட வேண்டியிருந்தது. ஒரு பொருள் மறைந்தால் அதனோடு அதன் சொற்களும் மறைகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வீணையின் கதை வேறு. அது இன்றும் உயிரோடிருக்கின்றது. தஞ்சாவூரில் முதிர்ந்த பலாமரத்தைக் குடைந்து வீணை செய்கின்றனர். குடமும் தண்டியும் ஒரே மரத்திற் கடையப்பட்டால் அதற்கு ஏகாண்ட வீணை என்று பெயர். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கனி தந்து முதிர்ந்த மரம் பின்னர் நாதம் தருகின்றது. மரத்தின் வாழ்வு வீழ்ச்சியோடு முடிவதில்லை என்னும் நம்பிக்கை எமது தச்சர்களிடம் என்றும் இருந்தது.

நாம் வாழும் நாட்டின் மரங்கள்

இனி நாம் வாழும் அவுஸ்திரேலிய மண்ணுக்கு வருவோம். எமது பாடசாலை வளவில் வீழ்ந்த பிளாக்வுட் மரம், ஹவாயின் கோவா மரத்திற்கு மிக நெருங்கிய உறவு. எமது ஊர்க் கருவேல மரத்திற்கும் தூரத்து உறவுதான். ஆங்கிலேயர் இம்மரத்தை நீலகிரிக்கும் கொண்டுசென்று நட்டனர். அங்கே அது சோலைக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையூறாய்ப் பரவியது. தன் மண்ணிலோ அது மதிப்புக்குரிய மரம். 1946இல் மெல்பேணில் தொடங்கிய ‘மேற்றன்’ கிற்றார் நிறுவனத்தார் பிளாக்வுட், குயின்ஸ்லாந்து மேப்பிள் முதலிய உள்நாட்டு மரங்களிற் கருவிகள் செய்து புகழ் பெற்றனர்.

தாஸ்மேனியாவின் ‘ஹியூன் பைன்’ மரத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் அளவே பருக்கும். 2000 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. அதன் உடலிலுள்ள நறுமண எண்ணெய் பூச்சியையும் உக்கலையும் அண்டவிடாது. அதனாலேயே 1822 முதல் 1833 வரை சேரா தீவில் அடைக்கப்பட்ட கைதிகளைக்கொண்டு அம்மரத்தை வெட்டுவித்துக் கப்பல்கள் கட்டினார்கள். பின்னர் மின்சாரத்திற்காக அணைகள் கட்டப்பட்டபோது ஹியூன் மரங்கள் நின்ற பள்ளத்தாக்குகளும் நீரில் மூழ்கின. பிராங்கிளின் ஆற்றில் கட்டவிருந்த அணையை எதிர்த்து மக்கள் பெரும் போராட்டம் நடத்தினர். 1983ஆம் ஆண்டு ஆடி மாதம் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால் அந்த ஆறு காப்பாற்றப்பட்டது.

இன்று உயிருள்ள ஹியூன் மரம் பாதுகாக்கப்படுகின்றது. தச்சர்களுக்குக் கிடைப்பதெல்லாம் மீட்டெடுத்த மரமே. முற்காலத்தில் வெட்டிக் கைவிடப்பட்டவை, ஆற்றிலும் ஏரியிலும் மிதந்தவை, காட்டுத் தரையில் நூற்றாண்டுகளாகக் கிடந்தும் உக்காதவை ஆகியனவே பட்டறைக்கு வருகின்றன. அத்தகைய மரத்தின் ஒரு சிறு பலகையைக் கையிலெடுப்பவர், வள்ளுவர் காலத்தில் முளைத்த மரத்தையே தொட்டிருக்கவும் கூடும். அதைப் பெரிய மேசையாக்கி ஒரு வீட்டில் வைப்பதா, நூறு சிறிய கருவிகளாக்கி நூறு பிள்ளைகளின் கையிற் கொடுப்பதா? எமது விடையை வாசகர் ஊகித்திருப்பர்.

காலமும் எம்மை இத்திசையிலேயே தள்ளுகின்றது. நாம் வாழும் விக்ரோறியா மாநிலத்தில் அரசுக்குரிய இயற்கைக் காடுகளில் வணிகத்திற்காக மரம் வெட்டுதல் 2024ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. உலகின் பல கிற்றார்களுக்கு முதுகுப் பலகையாகும் எமது தோதகத்தி மரமும் அதன் இனத்தைச் சேர்ந்த ஏனைய மரங்களும் 2017 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டபோதிலும், கட்டுப்பாட்டின் காரணம் நீங்கிவிடவில்லை. நல்ல மரம் உலகில் அருகி வருகின்றது. இந்நிலையில் வீழ்ந்த மரத்தைத் தூளாக்கிப் பாத்தியிற் கொட்டுவது எமக்குப் பெரும் பிழையாகவே தோன்றுகின்றது.

வீழ்ந்ததெல்லாம் எமதன்று

எமது கருத்தைக் கேட்டவுடன் வாளுடன் காட்டுக்குப் புறப்படுவோரும் இருப்பர். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காட்டில் வீழ்ந்து கிடக்கும் மரம் குப்பையன்று. அது உக்கி மண்ணாகின்றது. பாசிக்கும் காளானுக்கும் உணவாகின்றது. அவுஸ்திரேலியாவில் ஏறத்தாழ 300 முதுகெலும்புள்ள உயிரினங்கள் மரப்பொந்துகளைப் பயன்படுத்துகின்றன. கிளியும் ஆந்தையும் மரத்தில் வாழும் பொசமும் அவற்றுள் அடங்கும். நல்லதொரு பொந்து உருவாகப் பெரும்பாலும் நூறு ஆண்டுகளுக்கு மேற்செல்லும். இடையனின் குமிழங்கொம்பைப் போன்ற பொந்துடைய கொம்பு, இந்நாட்டில் ஓர் உயிரின் வீடாகவும் இருக்கலாம்.

2021ஆம் ஆண்டு ஆனி மாதத்துப் புயல் விக்ரோறியாவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதன் பின்னர் வொம்பற் காட்டில் வீழ்ந்த மரங்களை இயந்திரங்கள் கொண்டு அகற்றியபோது, சூழலை நேசிப்போரும் அயலவர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ‘மீட்பு’ என்ற நல்ல சொல்லுக்குள் வணிகமும் ஒளிந்துகொள்ளலாம் என்பதே அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் நியாயமானது என்றே நாமும் கருதுகின்றோம்.

ஆகையால் எமது பள்ளி சில வரம்புகளை வகுத்துக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காக்களிலிருந்து ஒரு சுள்ளியும் எடுத்தலாகாது. விறகுக்கென ஒதுக்கிய இடங்களுக்கும் பருவமும் அளவும் உண்டு என்பதை மறத்தலாகாது. வீதிக்குக் குறுக்கே வீழ்ந்து அகற்றப்படும் மரம், வீட்டு வளவிலும் பாடசாலை வளவிலும் சாய்ந்த மரம், இடிக்கப்படும் பழைய வீட்டின் கதவும் தளப்பலகையும் ஆகியவற்றையே உரியவரின் அனுமதியுடன் நாம் பெறலாம். இம்மண்ணின் ஆதிக்குடிகளுக்குச் சில மரங்கள் புனிதமானவை என்பதையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். அவர்களது முன்னோர் பட்டையை உரித்துப் படகும் கேடயமும் செய்த தழும்புகள் சில முதிய மரங்களில் இன்றும் காணப்படுகின்றன. எங்கேயோ தூளாகப் போகவிருந்த மரத்தை மீட்டால் அது மீட்பு, காட்டின் வீட்டை எடுத்து வந்தால் அது களவு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர்ந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பட்டறையும் ஒரு வகுப்பறையே

இவ்வேலையிற் பிள்ளைகள் எதைக் கற்பர்? முதலாவதாகப் பொறுமையை. மரம் வீழ்ந்தவுடன் அதன் இரு முனைகளிலும் மெழுகு பூச வேண்டும். இல்லையேல் முனை விரைவில் உலர்ந்து வெடிக்கும். பின்னர் மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் பிளந்து, பலகைகளுக்கிடையே சிறு சட்டங்களை வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு உலர்த்த வேண்டும் என்பது தச்சர் கணக்கு. மாதந்தோறும் பலகையை நிறுத்துப் பார்த்து எழுதிவந்தால் எடை குறைந்துகொண்டே வருவதைப் பிள்ளைகள் காண்பர். குறைவது நின்றால் மரம் ஆயத்தமாகிவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் ஒரு நொடியிற் பெறும் இக்காலப் பிள்ளைகளுக்கு ஒரு மரத்துக்காக ஓராண்டு காத்திருக்கும் அனுபவம் அரியதொன்றாகும்.

இரண்டாவதாகக் கணிதம். நரம்பின் நீளம் 345 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். முதலாவது மெட்டு எங்கே அமைய வேண்டும்? 345ஐ 17.817ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19.4 மில்லிமீற்றர் வரும். மீதியை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டின் தூரம் கிடைக்கும். இவ்வாறே சென்றால் பன்னிரண்டாவது மெட்டு நரம்பின் சரிபாதியில், 172.5 மில்லிமீற்றரில் வந்து நிற்கும். அவ்விடத்தில் ஒலி ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்கும். வீணைத் தச்சரோ 24 மெட்டுகளையும் மெழுகின்மேற் பதித்துத் தம் செவியையே அளவுகோலாகக் கொள்கின்றார். எண்ணால் அளப்பதும் செவியால் அளப்பதும் ஒரே இடத்திற்கு வெகு அண்மையில் வந்து சேர்வதைத் தாமே கண்டறியும் பிள்ளைக்கு, இசையும் கணிதமும் இரு வேறு பாடங்களாக இனித் தோன்றா.

மூன்றாவதும் முதன்மையானதும் மொழியே. வகுப்பறையில் நாம் ‘உளி, வாள், அரம்’ என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் பார்த்து எழுதி, அடுத்த கிழமை மறந்துவிடுகின்றனர். அவர்கள் மீது குற்றமில்லை. கண்டறியாத பொருளின் பெயர் எவர் மனத்திலும் தங்காது. ஆனால் “அந்த அரத்தை எடு”, “மெல்ல இழை”, “நார் போகும் பக்கம் பார்த்து வெட்டு”, “குதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு”, “பிருடையை முறுக்கு” என்று ஒருவர் அருகில் நின்று சொல்லும்போது, சொல் கையின் வழியே உள்ளே செல்கின்றது. தமிழில் வினைச்சொற்கள் எத்துணை நுட்பமானவை என்பதும் அங்கேதான் புலப்படும். சீவுதல், செதுக்குதல், குடைதல், இழைத்தல், தேய்த்தல், அராவுதல், பொருத்துதல் என ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வொரு சொல் உண்டு. இவற்றுக்கிடையிலான வேற்றுமையைப் பாடநூலில் விளக்குவது கடினம். கையிற் பலகை இருந்தால் விளக்கமே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கூற வேண்டும். சனிக்கிழமைகளில் எமது பள்ளி வாசலிற் பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் காத்திருப்பதை யாவரும் காண்கின்றோம். ஊரில் தச்சராக, ஆசிரியராக, கமக்காரராக, தையற்காரராக வாழ்ந்தவர்கள். இங்கே அவர்கள் பேரப்பிள்ளைகளை ஏற்றி இறக்குவோராக மட்டும் ஆகிவிட்டனர். பேரப்பிள்ளைக்குத் தமிழ் தடுமாற்றம், பாட்டனாருக்கு ஆங்கிலம் தடுமாற்றம். இருவருக்கும் நடுவே ஒரு மரப்பலகையை வைத்தால் பேச்சு தானே பிறக்கும். அன்று இடைவேளையில் நாம் கண்டது அதுவே. எமது மரங்களை நாம் வீணாக்குகின்றோம் என்று வருந்துகின்றோம். எமது முதியோரின் கைத்திறனை எவ்வளவு காலமாக வீணாக்கி வருகின்றோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தடைகளும் விடைகளும்

கடையில் மலிவாகக் கிடைக்கும் கருவிக்கு இத்தனை பாடா என்று பெற்றோர் கேட்பர். வாசிப்பதற்கு மட்டுமே கருவி வேண்டுமாயின் கடைக்கே செல்லலாம். நாம் கேட்பது வாசிக்கும் கருவியை மட்டுமன்று, அதைச் செய்யும் ஆண்டையும்தான்.

பரீட்சை என்னாவது என்பது அடுத்த கேள்வி. பன்னிரண்டாம் ஆண்டுப் பொதுப் பரீட்சையில் தமிழை ஒரு பாடமாக எடுப்பதற்கு இம்மாநிலத்தில் வாய்ப்புண்டு. அதில் எம் பிள்ளைகள் சிறந்த பெறுபேறு பெற வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் பல பிள்ளைகள் அந்த வகுப்பை எட்டுமுன்னரே தமிழ்ப் பள்ளியை விட்டு விலகிவிடுகின்றனர் என்பதைப் பெற்றோர் அறிவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விலகும் பிள்ளையைத் தடுத்து நிறுத்த, வினாத்தாளை விட வலிய ஒன்று வேண்டும். தான் பாதி செய்து வைத்த கருவியை விட்டுப்போக எந்தப் பிள்ளையும் எளிதில் விரும்பாது.

ஆபத்து இல்லையா என்ற கேள்வி மிகவும் நியாயமானது. பிளாக்வுட் தூள் சிலருக்கு மூச்சுத் தொல்லையையும் தோல் அரிப்பையும் தரக்கூடும். எனவே முகக்கவசம் கட்டாயம் அணிய வேண்டும். பழைய வேலிகளிலும் தோட்டப் பலகைகளிலும் பச்சை நிறம் படர்ந்த பைன் மரம் ஆசனிக்கு நஞ்சு ஊட்டப்பட்டதாக இருக்கலாம். அத்தகைய மரத்தைப் பிள்ளைகளின் கையில் ஒருபோதும் கொடுத்தலாகாது. இயந்திர வாளைப் பெரியோர் மட்டுமே கையாள வேண்டும். பிள்ளைகளுக்குக் கைவாளும் அரமும் உப்புத்தாளும் போதும். கவனத்துடன் செய்யக்கூடிய வேலையை அச்சத்தால் முற்றாக விலக்குவது கல்விக்கு அழகன்று.

எமது வேண்டுகோள்

நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருவி என்று தொடங்கினால் முடியாது. மேல்வகுப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கருவி செய்தல் போதும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். கருவித்தச்சு அறிந்த உள்ளூரார் ஒருவரை அவ்வப்போது அழைக்கலாம். அவர் ஆங்கிலத்திற் கூறுவதைப் பிள்ளைகள் எமது முதியோருக்குத் தமிழாக்கிக் கூறட்டும். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு குறிப்பேடு வைத்து, மரம் எங்கே வீழ்ந்தது, என்ன மரம், எடை எவ்வளவு, யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்பவற்றைத் தமிழில் எழுதட்டும். உறுப்புகளுக்குப் பெயரிடும்போது வீணையிலிருந்தும் யாழிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொள்ளட்டும். பத்தர் என்ற சொல் மீண்டும் ஒரு பிள்ளையின் வாயிற் புழங்குமாயின் அதுவே எமக்குப் பெருமகிழ்ச்சி. ஒரு மரத்தை எடுத்ததற்கு ஈடாக, அனுமதி கிடைக்கும் இடத்தில் ஒரு கன்றும் நடப்பட வேண்டும்.

கொட்டகையிற் கிடக்கும் அந்த இரண்டு துண்டுகளிலும் மெழுகு பூசியாகிவிட்டது. பிளக்கும் வேலைக்கு அந்த முதியவர் ஆயத்தமாக இருக்கின்றார். அவருக்கு வயது எண்பதை நெருங்குகின்றது. மரம் உலர ஓராண்டு காத்திருக்கலாம், ஆனால் நாம் முடிவெடுப்பதற்கு ஓராண்டு காத்திருத்தல் முறையன்று. இவ்விழா முடிந்து நடைபெறும் பொதுக்கூட்டத்தில் பெற்றோர்கள் இதற்கு இசைவு தர வேண்டும் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இன்று இம்மலரைக் கையிலேந்தி அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! அடுத்த ஆண்டு விழாவில் நீங்கள் நன்கு உலர்ந்த பலகைகளை மேடையிற் காட்டலாம். அதற்கு அடுத்த ஆண்டு, இவ்வளவிலேயே நின்று நிழல் தந்த மரத்தின் குரலில் உங்கள் தமிழ்ப்பாடலைப் பாடலாம். முன்வரிசையில் அமர்ந்து அதைக் கேட்பதற்குத் தாத்தா ஒருவர் காத்திருக்கின்றார். அவர் அன்று மரத்தைத் தட்டிக் கேட்ட கேள்விக்கு விடை உங்கள் கைகளிலேயே உள்ளது.